முதல் தண்ணி

ஸ்ரீரங்கம்
3-3-2025

தென்னூர் மோட்டார் சாம்ராஜ்யத்தின் மகாராணியும், என் தங்கச்சி வீரம்மாளின் ஒரே மகளுமான ஜோதியின் சமூகத்துக்கு,

முப்பத்தெட்டு வருடம் அந்த சாம்ராஜ்யத்தை ஆண்டுவிட்டு, சனிக்கிழமை அதன் வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்ட உன் தாய்மாமன் மருதை கொதித்துப்போய் எழுதுகிறேன்.

போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். உன் அத்தை செண்பகத்தின் போனிலிருந்து கூப்பிட்டாலும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். ஆகவே காகிதம். கொண்டுவருவது தபால்காரர் அல்ல, என் சிநேகிதன் அப்துல் ஹலீம். அரசு பஸ்ஸில் ஆயுசு முழுக்கக் கண்டக்டராக இருந்து, ஒரு பயணியைக்கூடத் தப்பான ஸ்டாப்பில் இறக்காதவன். என் கோபத்தையும் சரியான இடத்தில் இறக்குவான்.

சனிக்கிழமை காலை கடைக்கு வந்தேன். 'மருதை மோட்டார்ஸ்' என்று யானை படுத்திருக்கிற நீளத்துக்குப் பலகை தொங்குகிறதே, அந்தக் கடைக்கு. கவுன்டரில் இருக்கும் டெல்பின் எழுந்து நின்று கையைப் பிசைகிறாள். "சார், தப்பா நினைக்காதீங்க. உங்கள உள்ள விட வேண்டாம்னு அக்கா சொல்லியிருக்காங்க."

அடேயப்பா! மலைக்கோட்டை உச்சியிலிருந்து என்னை உருட்டிவிட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நடுவில் எங்கேயாவது ஒரு படியில் உட்கார்ந்து சோடாவாவது குடித்திருப்பேன்.

நான் யார் என்று உனக்கு மறந்துவிட்டது. பொன்மலை ரயில் பட்டறையில் சங்கு ஊதினால் ஊரே சைக்கிளில் அந்தப் பக்கம் போகும். நான் மட்டும் எதிர்த்திசையில் போவேன், ஒரு தகரக் கொட்டகையில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்ட. அங்கிருந்து வந்தவன்தான் தென்னூரில் கடை போட்டேன். லால்குடியிலிருந்து புள்ளம்பாடி வரைக்கும் நான் மோட்டார் இறக்காத போர்க்குழாய் கிடையாது. நான் விற்ற மோட்டாரெல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் பூமிக்கு அந்தப் பக்கம் அமெரிக்காக்காரன் கிணறு வற்றி, என் மேல் உலகக் கோர்ட்டில் கேஸ் போடுவான்.

ரிட்டயர் ஆன பிறகாவது சும்மா இருந்தேனா? ஹலீம், ரயில்வேயில் ஃபிட்டராக இருந்த சவரிநாதன், நான். மூன்று கிழவர்கள், ஒரு டூல் பாக்ஸ், ஒன்றரை ஸ்கூட்டர். (சவரிநாதனுடையதைப் பாதி வழி தள்ள வேண்டும்.) 'காவிரிப் படை' என்று பெயர். பள்ளிக்கூடம், கோயில், சர்ச், பள்ளிவாசல், எங்கே மோட்டார் படுத்தாலும் போய் எழுப்பிவிடுகிறோம், ஒரு பைசா வாங்காமல்.

இப்படிப்பட்ட உத்தமன் செய்த குற்றம் என்ன? போன வாரம் லால்குடியில் அன்புச்செல்வன் வயலில் நீ புது மோட்டார் இறக்கினாய். நம் பக்கத்து வழக்கம் உனக்கே தெரியும். புது மோட்டாரில் வரும் முதல் கைத் தண்ணீர் கடை முதலாளிக்கு. அவர் குடித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் வாய்க்காலில் விடுவார்கள். இத்தனை வருடமாக நான் குடிப்பேன், "தேன்!" என்பேன். அந்தத் தேனுக்குப் பிறகுதான் அந்த வயலில் ஒரு புல்லாவது முளைக்கத் துணியும். அன்புச்செல்வன் கூப்பிட்டான். போனேன், குடித்தேன், சொன்னேன். நாலு பேர் முன்னால் உன்னையும் பாராட்டினேன்.

அதற்குப் பரிசு தடை உத்தரவா?

நீயே நேரில் ஸ்ரீரங்கத்துக்கு வந்து விளக்கம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கடை வாசலில் உண்ணாவிரதம் இருப்பேன், காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில்.

இப்போதைக்கு உன் மாமன்,
மருதை


தென்னூர்
5-3-2025

மாமா,

உண்ணாவிரதத்துக்கு வாசலில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். உள்ளே வர வேண்டாம்.

நீங்கள் என்னைப் பாராட்டிய கதையை நான் சொல்கிறேன். அன்று அன்புச்செல்வன் வயலில் பைப் இறக்கி, கேபிள் இழுத்து, ஸ்டார்ட்டர் மாட்டி எல்லாம் தயார். சுவிட்சில் கை வைக்கப் போனேன். அவர் ஓடிவந்து தடுத்தார். "இருங்க இருங்க, மருதை அண்ணன் வரட்டும்." நானும் என் ஆட்களும் மொட்டை வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றோம். நீங்கள் ஹலீம் பாய் ஸ்கூட்டரில், ஓட்டுக் கேட்க வருகிற மாதிரி கையசைத்துக்கொண்டு வந்தீர்கள். மாலை போட்டார்கள். குடித்தீர்கள். "தேன்" என்றீர்கள். பிறகு என் தலையில் தட்டி, "பாப்பாவும் பரவாயில்லாம வேலை செய்யுது" என்றீர்கள்.

எனக்கு முப்பத்தாறு வயது. என் மகளே அடுத்த வருடம் ஹைஸ்கூல் போகிறாள். என் ஆட்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், சிரிப்பை மறைக்க.

உங்களுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தபோது, நீங்களும் அத்தையும் கேட்டீர்கள் என்பதற்காகச் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்தேன். ஆயுத பூஜை அன்று சாவியைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்து, "இனிமே இவதான் முதலாளி" என்று மைக்கில் சொன்னீர்கள். பத்துப் பேர் இருக்கிற இடத்தில் எதற்கு மைக் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நான் இறக்கிய எந்த மோட்டாரிலும் முதல் தண்ணியை ஒருத்தரும் என் கையில் ஊற்றவில்லை. கடைக்கு நான் முதலாளி. வயலில் நான் உங்கள் பாப்பா.

அப்புறம் காவிரிப் படை. பள்ளிக்கூடத்துக்கும் பள்ளிவாசலுக்கும் செய்யுங்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் லால்குடியில் ரைஸ் மில் வைத்து, கார் வைத்து, காருக்கு ஒரு டிரைவர் வைத்திருப்பவர் எந்த வகையில் அநாதை? அவருடைய மோட்டாரை எதற்கு இலவசமாகப் பார்த்துக் கொடுத்தீர்கள்? நான் எஸ்டிமேட் கொடுத்தால், "பெரியவர் சும்மாவே பண்ணித் தருவாரே" என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். என் சர்வீஸ் ஆட்கள் பேப்பரில் ராசிபலன் படித்துக்கொண்டிருக்கிறார்கள். சொந்தக் கடைக்கு எதிரிலேயே இலவசக் கடை விரித்த ஒரே முதலாளி நீங்கள்தான்.

இனிமேல் நான் மோட்டார் இறக்கும் இடத்துக்கு நீங்கள் வரக் கூடாது. வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

ஜோதி


ஸ்ரீரங்கம்
8-3-2025

ஜோதி,

பட்டம் எதுவும் கிடையாது. கோபத்தில் பட்டம் வரவில்லை.

உன் கடிதத்தை உன் அத்தையிடம் படித்துக் காட்டினேன், நியாயம் கிடைக்கும் என்று. பாதியில் எழுந்து போய் குக்கரை இறக்கிவிட்டு வந்து சொல்கிறாள்: "புள்ள அங்க வெயில்ல காயுது. நீங்க இங்க வெள்ளை வேட்டிக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தீங்க. ஒரு தடவை போட்டது பத்தலைன்னு மறுபடியும் போட்டீங்க. எனக்குத் தெரியாதா?"

பார்த்தாயா! நாற்பது வருடமாக ஒற்றனை வீட்டுக்குள் வைத்துச் சோறு போட்டிருக்கிறேன். (சோறு அவள்தான் போடுகிறாள். ஆனாலும்.)

ரைஸ் மில்காரன் அநாதை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் போன் பண்ணி "அண்ணே" என்கிறான். அந்த "அண்ணே"யைக் கேட்டுவிட்டு, "தம்பி, எஸ்டிமேட் அனுப்பறேன்" என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. ரிட்டயர் ஆனவன் வீட்டில் போன் எப்படி அடிக்கும் தெரியுமா உனக்கு? அடிக்காது. தனிநபர் கடன் வேணுமா சார் என்று ஏதாவது ஒரு பெண் கூப்பிடும். அந்தப் பெண்ணோடு அரை மணி நேரம் பேசியிருக்கிறேன், அது எந்த ஊர், அதன் அப்பா என்ன வேலை என்று. கடைசியில் அது அழுதுவிட்டது, என் டார்கெட் போச்சு சார் என்று.

மேலே எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். பேனா மசி வீணாகும் என்று அடிக்கவில்லை.

ஆனால் தடை என்றால் தடை! மருதை வார்த்தை மாறமாட்டான். காவிரியைத் திரும்பிக் குடகுக்கு ஓடச் சொல்லி உத்தரவு போட்டால்கூட அது யோசிக்கும், நான் யோசிக்க மாட்டேன். புள்ளம்பாடிப் பக்கம் ஸ்டீபன்ராஜ் புதுசாகப் போர் போட்டு, உன்னிடம் மோட்டார் சொல்லியிருக்கிறான் அல்லவா? வாழை வைக்கப் போகிறானாம். நேற்று என்னைக் கூப்பிட்டான். "அண்ணே, நீங்க வந்துதான் முதல் தண்ணி." சொல்லிவிட்டேன்: "தம்பி, கடை முதலாளி ஜோதி. அவ கையில ஊத்து. நான் வரமாட்டேன்."

போ! நீயே குடி! ஒரு கை என்ன, ஒரு டேங்கர் குடி. ஆனால் ஒன்று. தண்ணீரைக் குடிக்க யாராலும் முடியும். குடித்துவிட்டு, அத்தனை முகமும் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வானத்தைப் பார்த்து "தேன்!" என்று சொல்ல ஒரு தொண்டை வேண்டும். அது இன்ஜினியரிங் காலேஜில் சொல்லித் தருகிற சமாசாரம் இல்லை. பார்க்கிறேன்.

மருதை


தென்னூர்
19-3-2025

மாமா,

பார்த்துவிட்டீர்களா? திங்கட்கிழமை நடந்தது அதற்குள் காதுக்கு வந்திருக்கும். எனக்கு நடந்ததை நானே சொல்கிறேன்.

ஸ்டீபன்ராஜ் நீங்கள் சொன்னபடியே செய்தார். முகத்தில் விருப்பம் இல்லை, ஆனால் செய்தார். போர்க்குழாய் பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றி ஜெபம் பண்ணினார்கள். அவருடைய அம்மா என் கையில் தண்ணீர் ஊற்றினார். முதல் தடவை. சந்தோஷமாகத்தான் இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

குடித்தேன். உப்பு.

லேசான உப்பு இல்லை. நாக்கு மடங்குகிற உப்பு. உப்பு அளக்கிற மீட்டரை நனைத்துப் பார்த்தேன், அதிலும் அப்படித்தான். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சொன்னேன்: "தண்ணி உப்பா இருக்குங்க. டெஸ்டுக்கு அனுப்பிட்டு முடிவு பண்ணுங்க. இதப் பாய்ச்சினா வாழைக் கன்னு இலை ஓரமெல்லாம் கருகிடும்."

அவருடைய அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். ஸ்டீபன்ராஜ் கத்தினார்: "நல்ல வார்த்தை சொல்லத்தான ஊத்தினோம்? மருதை அண்ணன் குடிச்ச தண்ணியெல்லாம் தேன், நீங்க குடிச்சது மட்டும் உப்பா?" மீட்டரைக் காட்டினேன். "அண்ணன் நாக்கைவிட உங்க பொட்டி பெருசா?" என்றார். பின்னால் ஒரு ஆள், "பொம்பள வாய் பட்டா அப்படித்தான்யா" என்றார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

இப்போது லால்குடி டீக்கடை வரைக்கும் பேச்சு அதுதான். நான் குடித்தால் தண்ணீர் உப்பாகிவிடுகிறதாம். புள்ளம்பாடிப் பக்கம் மோட்டார் சொல்லியிருந்த இரண்டு பேர் வேண்டாம் என்று போன் பண்ணிவிட்டார்கள். ஸ்டீபன்ராஜ், மருதை அண்ணன் வந்து குடித்துப் பார்த்துச் சொல்லட்டும், அவர் தேன் என்றால் கன்று வைப்பேன் என்கிறார். கன்று வந்து இறங்கிவிட்டது. நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

மாமா, நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முப்பத்தெட்டு வருடத்தில் நீங்கள் குடித்த தண்ணீரில் ஒன்றுகூடவா உப்பு இல்லை? அந்த மண்ணில்?

நீங்கள் எல்லாவற்றையும் தேன் என்று சொல்லிவிட்டுப் போனதால், இன்று உப்பை உப்பு என்று சொன்ன என் வாய் பொய்யாகிவிட்டது. என் கடையை ரைஸ் மில்காரர் கெடுக்கவில்லை. உங்கள் தேன் கெடுத்துவிட்டது.

ஜோதி


ஸ்ரீரங்கம்
21-3-2025

ஜோதி,

முதலில், அந்த 'பொம்பள வாய்' சொன்னவன் யார்? பேரைச் சொல். ஊரைச் சொல். அவன் வீட்டு மோட்டாரை நான்தான் விற்றிருப்பேன். ஸ்கூட்டரில் போய், அதைக் கையாலேயே மேலே உருவி, அவன் கழுத்தில் மாலையாகப் போட்டுவிட்டு வருகிறேன்.

இரண்டாவது, நீ! உன்னை என்ன செய்வது? படித்த பெண்ணா நீ? ஒருத்தன் பொண்டாட்டி கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துப் பூமியைத் துளைத்திருக்கிறான். அம்மா நிற்கிறாள், மெழுகுவத்தி எரிகிறது, ஊரே நிற்கிறது. அந்த இடத்தில் வாயைத் திறந்து உப்பு என்பாயா? கல்யாண மேடையில் ஏறி, மாப்பிள்ளைக்குச் சொட்டை என்று மைக்கில் சொல்வாயா? அந்தத் 'தேன்' தண்ணீரைப் பற்றின வார்த்தை இல்லையடி. அது ஒரு மரியாதை. அவன் செலவுக்கு, அவன் நம்பிக்கைக்கு வைக்கிற ஒரு கும்பிடு. உப்பாக இருந்தால் சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, "தம்பி, எதுக்கும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடு" என்று சொல்ல வேண்டும். நான் அப்படித்தான் சொல்வேன்.

பெரும்பாலும் சொல்வேன்.

சாயங்காலம் என்றால் பிரியாணி போட்டுவிடுவார்கள், பேச்சு எங்கெங்கோ போய்விடும், கடைசி பஸ் வேறு.

சரி விடு. நான் புள்ளம்பாடிக்குப் போவதாக இல்லை. தடை போட்டவள் நீ. தடையை மீறி மருதை ஓர் அடி வைத்தால் சூரியன் மேற்கே உதிக்கும், ஸ்ரீரங்கத்துக் கோபுரம் எழுந்து சமயபுரத்துக்கு நடந்து போகும். இதை ஹலீமிடமும் சவரிநாதனிடமும் சொன்னேன். சவரிநாதன் தவக்காலம் என்று கறியை விட்டுவிட்டான், வாயை விடவில்லை. "அண்ணே, உங்களுக்குப் பயம்" என்கிறான். எனக்கா! பயமா!

உன் அத்தை கறிவேப்பிலை உருவிக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல் சொன்னாள்: "அங்க போய் தேன்னா, அந்தப் புள்ள கடை போச்சு. உப்புன்னா, இவர் பேரு போச்சு. அதான் போகல. தடையாம், தடை."

ராத்திரி வீட்டில் சாப்பிடவில்லை. கோபத்தில் வெளியே போய் நாலு இட்லி சாப்பிட்டேன். நன்றாக இல்லை.

மருதை

பி.கு.: ஸ்டீபன்ராஜ் என்றைக்குக் கன்று வைக்கிறான்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.


தென்னூர்
22-3-2025

மாமா,

திங்கட்கிழமை காலை.

போகச் சொல்லி நான் கேட்கவில்லை. போக வேண்டாம் என்று சொன்னதையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் போய், அத்தனை பேர் முன்னால் வானத்தைப் பார்த்து "தேன்" என்று சொன்னீர்களானால், இதுதான் நான் உங்களுக்கு எழுதும் கடைசிக் கடிதம். பலகையிலிருந்து உங்கள் பேரை இறக்கிவிட்டு, சாவியைத் தாம்பாளத்தில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், மைக் இல்லாமல்.

அத்தை சொன்னது சரி.

ஜோதி


ஸ்ரீரங்கம்
25-3-2025

ஜோதி,

சூரியன் நேற்று கிழக்கேதான் உதித்தது. கோபுரமும் இருந்த இடத்தில் இருக்கிறது. இருந்தாலும் போனேன்.

போகிற வழியெல்லாம் ஹலீமிடம் உன்னைத் திட்டிக்கொண்டே போனேன். லால்குடி தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டி, "இங்கேயே இறங்கிடறீங்களா, இல்ல கடைசி ஸ்டாப்பா?" என்றான். கண்டக்டர் புத்தி. கடைசி ஸ்டாப் என்றேன்.

வயலில் ஒரு திருவிழாக் கூட்டம். உன்னுடைய உப்புக்கும் என்னுடைய தேனுக்கும் பந்தயம் என்று சுத்துப்பட்டு ஊரே வந்திருக்கிறது. வாழைக் கன்றுகள் குழிப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஸ்டீபன்ராஜ் மாலையோடு ஓடிவந்தான். "வாங்கண்ணே, வந்து நல்ல வார்த்தை சொல்லுங்க. அந்தம்மா சொன்னதுலேர்ந்து எங்கம்மா சரியா சாப்பிடல." மாலையை வாங்கி ஹலீம் கழுத்தில் போட்டேன். ஸ்கூட்டர் ஓட்டியவன் அவன்தானே.

அந்த அம்மா என் கையில் தண்ணீர் ஊற்றினார். குடித்தேன்.

ஜோதி, அது தண்ணீரா! வங்காள விரிகுடாவை ஒரு டம்ளருக்குச் சுண்டக் காய்ச்சி, அதில் மாவடு ஊறப்போட்டு, மாவடுவை மட்டும் எடுத்துவிட்டு எனக்குக் கொடுத்த மாதிரி. காது வரைக்கும் உப்பு ஏறியது. ஆனால் பார், என் வாய் தானாகத் 'தே' என்று குவிந்துவிட்டது. பழக்கம். முகம் தானாக வானத்தைப் பார்த்துவிட்டது. எல்லோரும் சிரிக்கத் தயாராகிவிட்டார்கள். அந்த அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

துப்பினேன். "உப்புடா" என்றேன்.

"அண்ணே?"

"உப்புடா, உப்பு! ஒரு வாரம் முன்னாடியே எங்க முதலாளி சொல்லிட்டுப் போனாளா இல்லையா? அவ மீட்டரக் காட்டினாளா இல்லையா? காது எங்கடா போச்சு? ஒருத்தன் பொம்பள வாய்ங்கறான், நீங்கள்லாம் கேட்டுக்கிட்டு நிக்கறீங்க. கன்ன எடுத்துட்டுப் போயி நிழல்ல வை. அவ டெஸ்ட் பண்ணிச் சொல்ற வரைக்கும் ஒரு கன்னு மண்ணுக்குள்ள போகக் கூடாது."

இதோடு நான் வண்டி ஏறியிருந்தால், இந்தக் கடிதத்தை நாற்பது பக்கம் எழுதி, என் வீரத்தைப் பாடி, உன்னை மன்னிப்பும் கேட்க வைத்திருப்பேன்.

கூட்டத்து ஓரத்தில் ஒருத்தன் நின்றான். செபஸ்தியான். உனக்குத் தெரியாது, நீ சென்னையில் இருந்தாய். பக்கத்து ஊரில் எலுமிச்சைத் தோட்டம் வைத்தவன். மோட்டார் நம் கடைதான், முதல் தண்ணீர் நான்தான். தோட்டம் பட்டுப்போனது, நிலத்தை விற்றான், இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். யூனிஃபார்மோடு வந்திருந்தான்.

"அப்ப என் தோட்டத்துத் தண்ணி, அண்ணே?" என்றான்.

அவ்வளவுதான். கோபமாகக் கேட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன், எனக்கும் கோபம் வரும், இரண்டு பேரும் கத்தியிருப்போம். அவன் பஸ் டைம் கேட்கிற மாதிரி கேட்டான். அத்தனை பேரும் இப்போது என் வாயைப் பார்த்தார்கள். இப்படித்தானே அன்றைக்கு உன் வாயைப் பார்த்திருப்பார்கள்.

நான் பதில் சொல்லவில்லை. ஹலீம் மாலையைக் கழற்றிப் போர்க்குழாய் மேல் வைத்துவிட்டு ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணினான். உன் அத்தை கேட்டாள், "தேனா, உப்பா?" உப்பு என்றேன். தட்டில் சோறு வைத்தாள்.

எனக்குப் பயங்கரக் கோபம். ஸ்டீபன்ராஜ் மேல், சவரிநாதன் மேல், உன் மேல். நீ ஏன் வாயை மூடிக்கொண்டு 'தேன்' என்று சொல்லித் தொலைக்கவில்லை? நாலு கன்று கருகியிருக்கும், பூமியில் எந்தக் கணக்கும் கிளறப்பட்டிருக்காது. இந்தக் கோபத்தில் இன்னும் ஒரு ஆள் பாக்கி இருக்கிறான். அவனைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன்.

இனிமேல் காவிரிப் படை தோட்டத்து மோட்டார் எதையும் தொடாது. ரைஸ் மில்காரனிடமும் சொல்லிவிட்டேன், எஸ்டிமேட் முதலாளிதான் போடுவாள் என்று. "அண்ணே" என்றான். வைத்துவிட்டேன். நான் தேன் சொன்ன இடத்துக்கெல்லாம் மூன்று பேரும் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகிறோம். சவரிநாதனுக்கு எல்லா ஊரும் தெரியும், ஹலீமுக்கு எல்லா ரூட்டும் தெரியும், எனக்கு எல்லா வயலும் தெரியும். டெஸ்ட்டுக்கு நீ அனுப்புவாயா? அனுப்ப மாட்டேன் என்றால் அதையும் எழுது. எழுதிவிட்டு உன் வேலையைப் பார்.

மருதை


தென்னூர்
26-3-2025

மாமா,

அனுப்புகிறேன்.

பாட்டில்கள் டெல்பினிடம் இருக்கும். நாளைக்குக் கடைக்குள்ளேயே வந்து வாங்கிக்கொள்ளலாம். மோட்டார் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு, பாட்டிலை அதே தண்ணீரால் அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். யாருடைய வயல், எந்த ஊர் என்று பாட்டிலிலேயே ஒட்ட வேண்டும். நீங்கள் குடித்துப் பார்க்க வேண்டாம். யாராவது கையில் ஊற்ற வந்தால், டாக்டர் கூடாது என்றுவிட்டார் என்று சொல்லுங்கள். பொய் சொல்ல உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஸ்டீபன்ராஜ் நேற்று கடைக்கு வந்தார். தண்ணீர் பாட்டிலைக் கவுன்டரில் வைத்துவிட்டு, "ரிசல்ட் எப்பங்க வரும்?" என்று என்னிடம் கேட்டார். டெல்பினிடம் இல்லை, என்னிடம்.

எனக்கு இன்னும் கோபம்தான். பாப்பா என்று சொன்னது, வெயிலில் நிறுத்தியது, எல்லாம் அப்படியே இருக்கிறது. போனில் பிளாக்கை இப்போதைக்கு எடுக்கப் போவதில்லை. எதுவாக இருந்தாலும் ஹலீம் பாயிடம் கொடுத்து அனுப்புங்கள்.

முதலில் செபஸ்தியானிடம் போங்கள். அவரிடம் பிடிப்பதற்குத் தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும். பாட்டில் இல்லாமல் போங்கள். படையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மண்டபத்து வாசலில் அவர் உட்காருகிற இடத்தில் போய் உட்காருங்கள், அவர் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

வேட்டிக்கு இஸ்திரி போட வேண்டாம்.

ஜோதி